இதயத்தின் தளர்வுக் குறைபாடும் நோயாளியின் நெடுங்கால வாழ்வும்

எக்கோ எனப்படும் இதய மீயொலிப் பரிசோதனையின் அறிக்கையில், இதயம் சுருங்கும் ஆற்றல் இயல்பாக உள்ளது என்ற வரிக்கு அடுத்தாற்போல், முதல் நிலை டயஸ்டாலிக் குறைபாடு என்றொரு வரி இன்று நடுத்தர வயதினருக்கும் முதியோருக்கும் மிகப் பரவலாக எழுதித் தரப்படுகிறது. அந்த வரியைப் பெற்றவர்களில் ஒரு சாரார் இதயமே பழுதாகிவிட்டது என்று அஞ்சி, நடமாட்டத்தைக் கூடக் குறைத்துக்கொள்கின்றனர். மறு சாரார், வயதானால் எல்லோருக்கும் வருவதுதான் என்ற ஆறுதலைக் கேட்டுக்கொண்டு அறிக்கையை அலமாரியில் வைத்துவிடுகின்றனர். இக்குறைபாடு உடைய ஒருவர் இனி எத்தனை ஆண்டுகள், எத்தகைய உடல்நிலையோடு வாழ்வார் என்ற கேள்விக்கு இவ்விரண்டும் விடையாகா. அறிக்கையில் எழுதப்பட்ட நிலை எண்ணைக் காட்டிலும், இதயத்தை விறைக்கச் செய்த காரணம் எது, அது எத்தனை ஆண்டுகளாகக் கட்டுப்பாடின்றி இருந்தது, இனி அதைக் கட்டுப்படுத்த என்ன செய்யப்படுகிறது என்பவையே அந்த விடையைத் தீர்மானிக்கின்றன என்பதே இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து.

இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் இரு கட்டங்களால் ஆனது. கீழறைகள் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுவது சிஸ்டோல் என்னும் சுருக்கக் கட்டம். அவை தளர்ந்து விரிந்து, மேலறைகளிலிருந்து வரும் இரத்தத்தால் நிரம்புவது டயஸ்டோல் என்னும் தளர்வுக் கட்டம். ஓய்விலிருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு எழுபது முறை துடிக்கும்போது, ஒரு துடிப்பின் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தளர்வுக்கே செலவாகிறது. தளர்வு என்றதும் அதை வேலையற்ற ஓய்வு என்று கருதிவிடுதல் இயல்பு. ஆனால் தசைச் செல்லின் அளவில் அது ஆற்றலைச் செலவிட்டுச் செய்யப்படும் வேலையே ஆகும். செல்லுக்குள் கால்சியம் அயனிகள் பாயும்போது தசை சுருங்குகிறது. அந்த அயனிகளைச் செல்லின் உள்ளிருக்கும் சேமிப்பறைக்குத் திரும்ப இறைத்தால்தான் தசை தளரும். அந்த இறைப்புக்கும், பற்றிக்கொண்ட புரத இழைகள் ஒன்றையொன்று விடுவிப்பதற்கும், செல்லின் எரிபொருளாகிய ஏடிபி என்னும் மூலக்கூறு தேவை. உயிர் பிரிந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது அந்த எரிபொருள் தீர்ந்து தசை தளர முடியாமற்போவதால்தான். ஆகவே இரத்த ஓட்டக் குறைவோ, நீரிழிவோ, நெடுநாள் உயர் அழுத்தமோ இதயச் செல்லின் ஆற்றல் வழங்கலைச் சிறிதளவு பாதித்தாலும், சுருங்கும் திறனுக்கு முன்பாகத் தளரும் திறன் குன்றத் தொடங்குகிறது.

இத்துடன் மற்றொரு மாற்றமும் சேர்கிறது. உயர் இரத்த அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் உந்தும் இடது கீழறையின் சுவர் தடித்து, செல்களுக்கிடையே கொலாஜன் என்னும் நார்ப்புரதம் படிந்து, செல்லுக்குள் சுருள்வில் போலச் செயல்படும் டைட்டின் என்னும் பெரும்புரதமும் இறுகிவிடுகிறது. கொல்லன் உலையின் துருத்தியில் தோல் காய்ந்து இறுகிவிட்டால், உள்ளே புகுந்த காற்றை அது முழுமையாகவே வெளியேற்றும், ஆனால் விரிந்து காற்றை இழுக்கும்போதுதான் முரண்டும். இறுகிய கீழறையின் நிலையும் அத்தகையதே. அதனால்தான் ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையிலுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காடு வெளியேறுகிறது என்று கணக்கிடும் வெளியேற்ற விகிதம் 60 விழுக்காடு என்று இயல்பாக இருக்க, அந்த நோயாளி மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்.

மூச்சு வாங்குவதன் காரணமும் இங்கேயே உள்ளது. இறுகிய கீழறையை நிரப்ப மேலறை கூடுதல் அழுத்தத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரல் இரத்தக் குழாய்களுக்குப் பரவ, நுரையீரலில் நீர் கசியத் தொடங்குகிறது. ஓய்வில் இருக்கும்வரை நிரம்புவதற்குப் போதிய நேரம் கிடைப்பதால் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. வேகமாக நடக்கும்போது துடிப்பு கூடி, தளர்வுக் கட்டத்தின் நேரம் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடுவதால் தொல்லை அப்போதுதான் வெளிப்படுகிறது. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே அதிரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாளக் கோளாறு வந்தால், நிரப்புதலின் கடைசிக் கட்டத்தில் மேலறை தரும் உந்துதலும் இல்லாமற்போகிறது. அதுவரை தாக்குப்பிடித்து வந்தவர் ஒரே நாளில் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை பல நேரங்களில் இவ்வாறே நேர்கிறது.

எக்கோ கருவி மேலறையின் இவ்வழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. ஈரிதழ் வால்வின் வழியே இரத்தம் பாயும் வேகத்தையும், வால்வின் விளிம்பை ஒட்டிய தசை அசையும் வேகத்தையும் அளந்து, அவற்றிலிருந்து அழுத்தத்தை ஊகித்தறிகிறது. கீழறை தளர்ந்தவுடன் பாயும் முதல் அலை ஈ என்றும், மேலறை சுருங்குவதால் வரும் பின் அலை ஏ என்றும் பெயர் பெறும். இளம் வயதில் ஈ அலை உயரமாக இருக்கும்; தளர்வு மந்தமாகும்போது அது தாழ்ந்து, ஏ அலை ஓங்கும்; அழுத்தம் இன்னும் உயராத இந்த நிலையே முதல் நிலை. அழுத்தம் உயர்ந்து, ஈ அலை மீண்டும் ஓங்கி, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இயல்பானது போலவே தோன்றுவது இரண்டாம் நிலை. மிக விறைத்த கீழறைக்குள் இரத்தம் பெரும் அழுத்தத்தோடு புகுந்து உடனே நின்றுபோவது மூன்றாம் நிலை. அறுபது வயதைக் கடந்தவர்களில் நோயற்றவருக்கும் ஏ அலை ஓங்கியிருத்தல் சாதாரணம் என்பதால், முதல் நிலை என்ற சொல்லை மட்டும் வைத்து எவருடைய ஆயுளையும் கணிக்க இயலாது. இடது மேலறை பெருத்திருக்கிறதா என்பது, நாள்தோறும் மாறும் அலை உயரங்களைவிட நம்பத்தக்க சான்று. பல ஆண்டுகளாக அழுத்தத்தைச் சுமந்த மேலறைதான் பெருக்கும். அறிக்கையைக் கையில் பெறும் குடும்பத்தார் நிலை எண்ணை உற்று நோக்குகின்றனர். மேலறையின் அளவு எழுதப்பட்ட வரியை எவரும் கேட்பதில்லை என்பது வருத்தத்திற்குரியது.

இக்குறைபாட்டின் நெடுங்காலப் போக்கைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள ஓம்ஸ்டெட் என்ற ஒரு மாவட்டத்திலிருந்து வந்தது. அதன் தலைநகரான ராச்சஸ்டரில் மேயோ கிளினிக் இருப்பதாலும், மாவட்டத்து மக்களின் மருத்துவக் குறிப்புகள் அனைத்தையும் ஒன்றிணைக்கும் திட்டம் 1966 முதல் நடந்து வருவதாலும், மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை மட்டுமன்றி, நலமாக வீட்டிலிருக்கும் மக்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க அங்கே முடிந்தது. மார்கரெட் ரெட்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 45 வயதுக்கு மேற்பட்ட 2,042 பேரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்து எக்கோ செய்து, 2003-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் ஏறத்தாழ 21 விழுக்காட்டினருக்கு இலேசான தளர்வுக் குறைபாடும், 7 விழுக்காட்டினருக்கு நடுத்தர அளவிலான குறைபாடும், நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோருக்குக் கடுமையான குறைபாடும் இருந்தன. நடுத்தர அல்லது கடுமையான குறைபாடு உடையவர்களிலும் பாதிக்கும் குறைவானோருக்கே இதயச் செயலிழப்பு என்று அதற்கு முன் நோய் அறியப்பட்டிருந்தது. எஞ்சியோர் தமக்கு ஏதும் இல்லை என்ற எண்ணத்தோடு வாழ்ந்து வந்தவர்கள்.

அதே ஆய்வு மற்றோர் எண்ணையும் தந்தது. அது இன்றுவரை பலரை அச்சுறுத்தி வருகிறது. வயது, பாலினம், வெளியேற்ற விகிதம் ஆகியவற்றைச் சமன் செய்த பின்னும், இலேசான குறைபாடு உடையோர் இறக்கும் வாய்ப்பு, இயல்பான தளர்வு உடையோரைப் போல் எட்டு மடங்கு என்றும், அதனினும் மிகுந்த குறைபாடு உடையோருக்குப் பத்து மடங்கு என்றும் அது கணக்கிட்டது. எட்டு மடங்கு என்ற சொல்லை, பத்தில் எட்டுப் பேர் இறந்தனர் என்று எவரும் பொருள்கொள்ளலாகாது. தளர்வு முற்றிலும் இயல்பாக இருந்தவர்களில் இறந்தவர் மிகச் சிலரே என்பதால், அச்சிறு எண்ணோடு ஒப்பிடும்போது பெருக்கல் பெரிதாகத் தெரிகிறது; அக்கணக்கின் பிழை எல்லையும் மூன்று மடங்கிலிருந்து இருபத்து மூன்று மடங்கு வரை அகன்று கிடந்தது. அந்த ஆய்விலிருந்து உறுதியாகக் கொள்ளத்தக்கது யாதெனில், தளர்வுக் குறைபாடு உடலில் நடந்துவரும் வேறு பல தேய்மானங்களின் வெளிப்பாடாக இருப்பதால், அது உள்ளவர்கள் கவனிக்கப்பட வேண்டியவர்கள் என்பதே.

அதைவிட நுட்பமான சான்றை அதே மக்களிடம் செய்த மறு ஆய்வு தந்தது. முதற்பரிசோதனைக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் திரும்ப வந்த 1,402 பேரை மீண்டும் எக்கோ செய்து, பிறகு ஆறு ஆண்டுகளுக்கு மேல் கவனித்த முடிவுகள் 2011-ஆம் ஆண்டு வெளியாயின. இரு பரிசோதனைகளுக்கிடையே குறைபாடு உடையோரின் பங்கு 24 விழுக்காட்டிலிருந்து 39 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஆயினும் தனித்தனி மனிதர்களைப் பார்த்தால், நிலை மோசமானவர்கள் 23 விழுக்காட்டினர். மாற்றமின்றி இருந்தவர்கள் 68 விழுக்காட்டினர். முன்னேறியவர்கள் 9 விழுக்காட்டினர். பின்வந்த ஆண்டுகளில், தளர்வு இயல்பாகவே இருந்தவர்களிலும் இயல்புக்குத் திரும்பியவர்களிலும் இதயச் செயலிழப்பு வந்தது 2.6 விழுக்காட்டினருக்கு மட்டுமே. இலேசான நிலையில் நீடித்தவர்களிலும் அந்நிலைக்கு இறங்கியவர்களிலும் 7.8 விழுக்காட்டினருக்கு, நடுத்தர அல்லது கடுமையான நிலையில் இருந்தவர்களில் 12.2 விழுக்காட்டினருக்கு. கடுமையான குழுவிலும் எட்டில் ஏழு பேர் ஆறு ஆண்டுகளைச் செயலிழப்பின்றிக் கடந்துள்ளனர் என்பதும், இயல்புக்குத் திரும்பியவர்கள் நலமானவர்களின் கணக்கிலேயே சேர்க்கப்பட்டனர் என்பதும், இந்நோய் பற்றிய அச்சத்தோடு வருவோரிடம் மருத்துவர்கள் முதலில் சொல்ல வேண்டிய செய்திகள்.

இந்த எண்கள் பெரும்பாலும் வெள்ளையரான ஒரு மக்கள்தொகையிலிருந்து வந்தவை என்பதை மறந்துவிடலாகாது. தென்னாசியருக்கு உடல் எடை அவ்வளவு கூடாத நிலையிலேயே நீரிழிவு வருகிறது. இளம் வயதிலேயே வருகிறது. திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவமனைகளில் 2013-இல் சேர்க்கப்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளிகள் 1,205 பேரைப் பதிவு செய்த ஆய்வில், அவர்களின் சராசரி வயது 61 என்று கண்டறியப்பட்டது. இது மேலைநாட்டுப் பதிவேடுகளில் காணப்படுவதைவிட ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் குறைவு. அவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு வெளியேற்ற விகிதம் இயல்பாக இருந்தது. எல்லா வகையினரையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இறந்துபோயினர். உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதில் நேரும் இம்மரணங்களை, முதுமையின் இயற்கை முடிவு என்று எவ்வகையிலும் சொல்லிவிட முடியாது.

தளர்வுக் குறைபாடு வேறு, அதனால் விளையும் இதயச் செயலிழப்பு வேறு. முன்னது ஒரு பரிசோதனை முடிவு. பின்னது மூச்சுத் திணறல், கால் வீக்கம், இரவில் தலையணை உயர்த்திப் படுக்க வேண்டிய நிலை ஆகியவற்றோடு கூடிய நோய். முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் எல்லையைக் கடந்துவிட்டால், எதிர்காலம் பற்றிய கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. 1987 முதல் 2001 வரை மேயோ மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்ட 4,596 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான கட்டுரை, அவர்களில் 47 விழுக்காட்டினருக்கு வெளியேற்ற விகிதம் இயல்பாக இருந்ததாகத் தெரிவித்தது. அவ்வாறு இருந்தவர்களில் ஓராண்டில் 29 விழுக்காட்டினரும், ஐந்தாண்டில் 65 விழுக்காட்டினரும் இறந்தனர். வெளியேற்ற விகிதம் குறைந்தவர்களின் எண்கள் 32, 68 என்று மிக அருகிலேயே இருந்தன. சுருங்கும் ஆற்றல் நன்றாக இருக்கிறது என்பதால் நோய் இலேசானது என்று அதுவரை நிலவிய நம்பிக்கை இத்துடன் முறிந்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் சுருக்கம் குறைந்தவர்களின் ஆயுள் புதிய மருந்துகளால் கூடிக்கொண்டே வந்தது என்பதும், தளர்வு கெட்டவர்களின் ஆயுள் சற்றும் கூடவில்லை என்பதும் அக்கட்டுரையின் மிகக் கசப்பான பகுதி.

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 42,000 நோயாளிகளின் தரவுகளை ஒருங்கே வைத்து 2012-இல் செய்யப்பட்ட கணிப்பு இதைவிடச் சற்று நம்பிக்கை தருவது. வயது முதலியவற்றைச் சமன் செய்தபின், வெளியேற்ற விகிதம் இயல்பாக இருந்தவர்களின் இறப்பு வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்ததாக அது காட்டியது. இரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும், யாரை எண்ணினார்கள் என்பதைப் பார்த்தால் முரண்பாடு பெருமளவு மறைந்துவிடும். மேயோவின் கணக்கு, மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றியவர்களைப் பற்றியது. அவர்களில் பலர் மிக முதியவர்கள், சிறுநீரகக் கோளாறும் நுரையீரல் நோயும் உடையவர்கள். ஒருவர் இக்காரணத்திற்காக முதன்முறை மருத்துவமனையில் சேர்வதே அவருடைய எதிர்காலத்தைப் பற்றிய மிகத் தெளிவான அறிகுறி. அச்சேர்க்கையைத் தள்ளிப்போடுவதே சிகிச்சையின் முதல் இலக்காக இருக்க வேண்டும். மேலும், இந்நோயாளிகளின் இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதயத்தோடு தொடர்பற்ற காரணங்களால் நேர்வதால், இதயத்தை மட்டும் கவனித்து நோயாளியைக் காப்பாற்றிவிட முடியாது.

மருந்துகளின் வரலாறு நெடுங்காலம் ஏமாற்றங்களின் வரலாறாகவே இருந்தது. சுருக்கம் குறைந்தவர்களுக்குப் பயன் தந்த மருந்துகள் ஒவ்வொன்றும் இவர்களுக்கும் பயன் தரும் என்று எதிர்பார்த்து, 2003-இல் காண்டசார்டன், 2008-இல் இர்பசார்டன், 2014-இல் ஸ்பைரோனோலாக்டோன், 2019-இல் சாகுபிட்ரில் சேர்ந்த மாத்திரை என்று அடுத்தடுத்துப் பெரும் ஆய்வுகள் நடத்தப்பட்டன; அவற்றில் எதுவும் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. 2015-இல் நைட்ரேட் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளின் அன்றாட நடமாட்டம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தே போயிற்று. நுரையீரலில் நீர் சேரும்போது சிறுநீரைப் பெருக்கி அதை வெளியேற்றும் நீர் மாத்திரைகள் ஒன்றே கைகண்ட மருந்தாக இருந்து வந்தன; அவை திணறலைத் தீர்த்தனவேயன்றி, நோயின் போக்கை மாற்றியதாக நிறுவப்படவில்லை.

திருப்பம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. சிறுநீரகத்தில் சர்க்கரை மீள உறிஞ்சப்படுவதைத் தடுத்து, அதைச் சிறுநீரில் வெளியேற்றும் நீரிழிவு மருந்துகளான எம்பாகிளிஃப்ளோசினும் டாபாகிளிஃப்ளோசினும், நீரிழிவு இல்லாத இதய நோயாளிகளுக்கும் பயன் தருவது தெரியவந்தது. 2021-இல் 5,988 பேரிடம் எம்பாகிளிஃப்ளோசினை ஆராய்ந்தபோது, இதயக் காரணத்தால் இறப்பவர்களும் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்பவர்களும் சேர்ந்த பங்கு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் 17.1 விழுக்காட்டிலிருந்து 13.8 விழுக்காடாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு 6,263 பேரிடம் டாபாகிளிஃப்ளோசினும் 19.5 விழுக்காட்டை 16.4 விழுக்காடாகக் குறைத்தது. இப்பயனின் பெரும்பகுதி மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததால் வந்ததே. இறப்பைக் குறைத்ததாக அவ்வாய்வுகள் தனித்தனியே நிறுவவில்லை. ஆயினும் முப்பது பேருக்கு இரண்டாண்டுகள் கொடுத்தால் ஒருவரை அத்துயரத்திலிருந்து காக்கும் மருந்து, முன்பு எதுவுமே இல்லாத இந்நோய்க்குச் சிறு பேறன்று. இந்தியாவில் இவ்விரு மருந்துகளின் காப்புரிமைக் காலமும் முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியபின் விலை பெரிதும் இறங்கியுள்ளதால், வசதி குறைந்தோருக்கும் இவற்றைக் கொடுக்கத் தடையாக இருந்த காரணம் நீங்கிவருகிறது.

2023-இல் உடற்பருமன் உடைய 529 நோயாளிகளிடம் செமாகுளூடைட் ஊசியை ஓராண்டு ஆராய்ந்தபோது, அதைப் பெற்றவர்களுக்கு எடை குறைந்ததோடு, மூச்சுத் திணறலும் சோர்வும் தெளிவாகக் குறைந்து, ஆறு நிமிடத்தில் நடக்கும் தொலைவும் கூடியது. 2024-இல் ஃபினெரெனோன் என்னும் மாத்திரை, 6,001 பேரிடம் நோய் முற்றும் நிகழ்வுகளையும் இதயக் காரண இறப்புகளையும் சேர்த்து 16 விழுக்காடு குறைத்தது. விறைத்த இதயத்தை நேரே தளர்த்தும் மருந்து இவற்றில் ஒன்றுமில்லை. சர்க்கரை, எடை, சிறுநீரகம், உப்பு ஆகியவற்றின் வழியாகவே இவை இதயத்தை அடைகின்றன. இந்நோய் பல உறுப்புகளில் ஒருங்கே நடக்கும் சீர்கேட்டின் இதய முகம் என்று 2013 முதல் சில ஆய்வாளர்கள் கூறிவந்த கருத்துக்கு இதைவிட வலுவான ஆதரவு வேறில்லை.

செயலிழப்பு வருமுன் இருப்பவருக்கு மிகப் பெரும் பயன் தருவது இரத்த அழுத்தக் கட்டுப்பாடுதான் என்பதில் ஐயமில்லை. எண்பது வயதைக் கடந்த 3,845 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், எளிய மாத்திரைகளால் அழுத்தத்தைக் குறைத்தபோது இதயச் செயலிழப்பு 64 விழுக்காடு குறைந்தது; எண்பது வயதுக்குப் பின் மருந்து எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. நீரிழிவு இல்லாத 9,361 பேரிடம் மேல் அழுத்தத்தை 140-க்குப் பதில் 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற 2015-ஆம் ஆண்டு ஆய்விலும் செயலிழப்பு 38 விழுக்காடு குறைந்தது. தளர்வுக் குறைபாடு உடைய உயர் அழுத்த நோயாளிகளிடம் 2007-இல் வெவ்வேறு மருந்துகளை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வு, எந்த மருந்தால் குறைந்தது என்பது முக்கியமன்று, அழுத்தம் குறைந்தாலே தசையின் தளரும் வேகம் கூடுகிறது என்று காட்டியது. விலையுயர்ந்த மருந்து வாங்க முடியவில்லையே என்று வருந்தும் குடும்பங்கள் இம்முடிவைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

உடற்பயிற்சியைப் பற்றிய சான்றும் அதற்கு இணையானது. அஞ்சி நடையை நிறுத்திக்கொள்வோர் மிகுந்திருப்பதால் இதைச் சற்று விரித்துரைத்தல் தகும். அமெரிக்காவின் டாலஸ் நகரில் பெஞ்சமின் லெவின் குழுவினர், உடலுழைப்பின்றி இருந்த 45 முதல் 64 வயது வரையுள்ளவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு யோகாவும் சமநிலைப் பயிற்சியும், மற்றொரு பிரிவினருக்கு வாரத்தில் நான்கைந்து நாள், அவற்றில் சில வேளை மூச்சிரைக்கும் அளவுக்குக் கடுமையாக அமைந்த பயிற்சியும் இரண்டாண்டுகள் அளித்தனர். முழுமையாக முடித்த 53 பேரின் இதயத்துக்குள் நேரடியாக அழுத்தத்தை அளந்து பார்த்தபோது, கடும் பயிற்சி பெற்றவர்களின் இடது கீழறை முன்பைவிட நெகிழ்வாகியிருந்தது. உடல் பயன்படுத்தும் உயிர்வாயுவின் உச்ச அளவும் 18 விழுக்காடு கூடியிருந்தது. 2018-இல் வெளியான இம்முடிவு நலமானவர்களைப் பற்றியது. நடு வயதில் தொடங்கினால் விறைப்பைத் திருப்ப முடியும் என்பதற்கே அது சான்று. செயலிழப்பு வந்துவிட்ட, எடை மிகுந்த 60 வயதுக்கு மேற்பட்ட நூறு பேரிடம் 2016-இல் நடந்த ஆய்வில், உணவைக் குறைத்தலும் நடைப்பயிற்சியும் தனித்தனியே அவர்களின் உழைக்கும் திறனைக் கூட்டின. இரண்டும் சேர்ந்தபோது பயன் இன்னும் பெருகியது. இதயத்திற்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று நாற்காலியில் அமர்ந்துவிடுபவரின் தசைகளும் இரத்தக் குழாய்களும் மேலும் தேய்ந்து, முன்பு இரண்டு மாடி ஏறியவர் சில மாதங்களில் அரை மாடிக்கே திணறும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

எல்லாத் தளர்வுக் குறைபாடும் அழுத்தத்தாலும் வயதாலும் வருபவை அல்ல. அமைலாய்டு என்னும் உருமாறிய புரதம் இதயச் சுவரில் படிந்து அதை விறைக்கச் செய்யும் நோய், முதியோரிடம் சாதாரணச் சுவர்த் தடிப்பாகவே தவறாகக் கருதப்பட்டு விடுகிறது. அதற்கெனத் தனி மருந்தான டஃபாமிடிஸ், 2018-இல் வெளியான ஆய்வில் முப்பது மாத இறப்பை 42.9 விழுக்காட்டிலிருந்து 29.5 விழுக்காடாகக் குறைத்தது. இதயத்தைச் சூழ்ந்த உறை காசநோயால் தடித்து இறுகும் நிலை, இந்தியாவில் இன்றும் காணப்படுவது. அந்த உறையை அறுவையால் அகற்றினால் நோயாளி மீள முடியும் என்பதால், அதை வெறும் தளர்வுக் குறைபாடு என்று எழுதி அனுப்பிவிடுவது பெரும் தீங்கு. கைகள் மரத்துப்போதல், எழுந்து நின்றால் அழுத்தம் இறங்குதல், கழுத்து இரத்தக் குழாய் எப்போதும் புடைத்திருத்தல் ஆகியவை உள்ளவர்களை மேலும் ஆராயாமல் விடலாகாது.

பெண்களைப் பற்றி இங்குத் தனியே சொல்ல வேண்டியதுண்டு. இயல்பான வெளியேற்ற விகிதத்தோடு வரும் இதயச் செயலிழப்பில் பெண்களே மிகுதி. மாதவிடாய் நின்றபின் அவர்களின் அழுத்தமும் எடையும் விரைந்து கூடுகின்றன. ஆயினும், மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் அறுபது வயதுப் பெண்ணுக்கு, உடல் பருமன், மூட்டு வலி, மனக் கவலை என்று விளக்கம் கிடைக்கிறது. அவருடைய கணவருக்கு அதே தொல்லைக்கு எக்கோ எடுக்கப்படுகிறது. வீட்டில் எல்லோருக்கும் பின் உண்டு, தன் மாத்திரையை மட்டும் மறந்துவிடும் அந்தப் பெண்ணின் நெடுங்கால வாழ்வு, ஆய்வுக் கணக்குகளைவிட இந்தக் கவனக்குறைவாலேயே மிகுதியாகச் சுருங்குகிறது.

ஆகவே, தளர்வுக் குறைபாடு என்று எழுதப்பட்ட அறிக்கையைக் கையில் வைத்திருப்போர், அந்த வாரத்திலேயே இரத்த அழுத்தத்தை வீட்டில் இரு வேளை அளந்து எழுதிக்கொண்டு, சர்க்கரைக்கும் சிறுநீரகத்திற்கும் இரத்தப் பரிசோதனை செய்து, நாடி ஒழுங்காக உள்ளதா என்று மருத்துவரிடம் கேட்டு, குறட்டையும் பகல் உறக்கமும் உண்டென்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூச்சு வாங்குதல் தொடங்கிவிட்டவர்கள் காலைதோறும் எடை பார்த்து, மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால் காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அன்றாட உணவிலிருந்து விலக்கப்பட வேண்டும். எக்கோ அறிக்கை எழுதும் மருத்துவர்கள், நிலை எண்ணோடு நிறுத்திவிடாமல், மேலறையின் அளவையும், குறைபாட்டுக்குக் காரணம் என்று தாம் ஐயுறுவதையும் ஒரு வரியில் சேர்த்து எழுதித் தருவார்களாக.